டீச்சரிடம் கேளுங்கள்: நோட்டில் ஒன்றுமே இல்லையே?

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி திறந்து மூன்று மாதமாகியும் நோட்டில் நாலைந்து பக்கம்தான் எழுதியிருக்கிறாள். கேட்டால், "பொத்தான் எண்ணினோம், களிமண் உருட்டினோம், கதை கேட்டோம்" என்கிறாள். பாடம் நடத்துகிறார்களா, இல்லையா? – ஒரு தாய்

பதில்: நடத்துகிறார்கள் அம்மா, நன்றாகவே நடத்துகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. நானும் 28 வருடம் ஒன்றாம் வகுப்பில்தான் குப்பை கொட்டினேன். ஆரம்பத்தில் நோட்டை நிரப்பும் டீச்சர்தான் நான். 1 முதல் 100 வரை எழுதச் சொல்வேன், பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அப்படி மணிமணியாக எழுதும் ஒரு பையனிடம் ஒருநாள் மேஜையில் கிடந்த எட்டுப் பொத்தான்களை எண்ணச் சொன்னேன். ஒன்பது என்றான். மறுபடி எண்ணினான், ஏழு. வாய் ஒரு வேகத்தில் ஓடுகிறது, விரல் இன்னொரு வேகத்தில் ஓடுகிறது. ஒன்றை இரண்டு தடவை தொடுகிறான், ஒன்றைத் தாண்டிவிடுகிறான். நூறு வரை எழுதுகிற பிள்ளைக்கு எட்டு வரை எண்ண வரவில்லை. எனக்குச் சுரீரென்றது.

அப்புறம் ஒரு டப்பாவைக் கொடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே போட்டபடி எண்ணச் சொன்னேன். 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் அடுத்த எண். இரண்டு வாரத்தில் விரலும் வாயும் ராசியாகிவிட்டன.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஐந்து பொத்தான் ஒரு வரிசை, அதற்கு நேரெதிரே ஐந்து பொத்தான் இன்னொரு வரிசை. இரண்டும் சமம் என்பாள். அவள் கண்ணெதிரேயே ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டிவிட்டு, "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். நீளமான வரிசையைக் காட்டினால் திட்டாதீர்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே போன நூற்றாண்டில் பிள்ளைகளிடம் செய்து பார்த்த சோதனை இது. தள்ளித் தள்ளி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்பது பெரும்பாலும் ஆறு, ஏழு வயது வாக்கில்தான் பிடிபடும். எந்த நோட்டில் எழுதி இதைப் புரியவைப்பது? கலைத்து, அடுக்கி, திரும்ப எண்ணித்தான் வரும்.

இனி குச்சிகளும் வரும், பாருங்கள். பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு, பக்கத்தில் மூன்று உதிரி: 13. மூன்று கட்டும் ஒரு உதிரியும் என்றால் 31. கையால் கட்டிப் பார்த்த பிள்ளை இந்த இரண்டையும் அவ்வளவு சுலபத்தில் குழப்பிக்கொள்ளாது.

களிமண் உருட்டுவதில் பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு உரம் ஏறுகிறது. கதைக்கு என் சிபாரிசு தேவையில்லை. இனி "என்ன எழுதினாய்?" என்று கேட்காமல், "எப்படி எண்ணினாய், காட்டு" என்று கேளுங்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேரன் 3-ஐயும் 7-ஐயும் திருப்பி எழுதுகிறான். 'கெ' எழுதினால் கொம்பைப் பின்னால் போடுகிறான். ஏதாவது கோளாறா? – ஒரு தாத்தா

பதில்: இந்த வயதில் இது சாதாரணம் ஐயா. குவளையின் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் அது குவளைதான் என்று இத்தனை வருடம் பழகியவன் அவன். திருப்பிப் போட்டால் 3 மட்டும் எப்படி 3 இல்லாமல் போகும்?

கொம்பு விஷயத்தில் நான் அவன் கட்சி. 'கெ' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதலில் 'க்' கேட்கிறது, பிறகுதான் 'எ'. எழுத்திலோ கொம்பு முந்திக்கொண்டு நிற்கிறது. 'கொ' இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். அவன் காதை நம்பி எழுதுகிறான், அவ்வளவுதான். என் வகுப்பில் கொம்பு, க, கால் என்று மூன்று அட்டைகளை மூன்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இடம் மாறி நின்றால் மற்றவர்கள் கூச்சல் போட வேண்டும். கொம்பைப் பிடிக்கத்தான் எப்போதும் அடிதடி.

எட்டு வயதுக்குப் பிறகும் அடிக்கடி இப்படி எழுதி, படிக்கவும் திணறினால் டீச்சரிடம் பேசுங்கள். அதுவரை ரப்பர் அவன் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் அழிக்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் எவ்வளவு நேரம் வீட்டுப்பாடம்? – ஒரு தந்தை

பதில்: பத்து நிமிடம். ஐந்து நிமிடம் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். மீதி ஐந்து நிமிடம் பென்சில் தேடவே சரியாகிவிடும்.