கசகசாவும் கஸ்கஸும்: வாசகர் கேள்வி – பதில்

மிட்டாய், சர்பத், சோடா பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பாறசாலைப் பக்கம் குலுக்கி சர்பத் குடித்தோம். உள்ளே மிதக்கிற கறுப்பு விதை என்னவென்று கேட்டால் கடைக்காரர் "கஸ்கஸ்" என்றார். வீட்டுக்கு வந்து கசகசா வாங்கி ஊறப்போட்டேன். ராத்திரி முழுக்க ஊறியும் மணல் மாதிரியே கிடக்கிறது. என்ன தப்பு செய்தேன்? – வாசகி, குழித்துறை

தப்பு உங்களுடையது இல்லை அம்மா, பெயருடையது. அந்தப் பக்கத்து சர்பத் கடைகளில் கஸ்கஸ் என்றால் சப்ஜா விதை. நம் நாட்டு மருந்துக் கடையில் திருநீற்றுப் பச்சிலை விதை என்று கேட்டாலும் கொடுப்பார்கள். நீங்கள் வாங்கியது குருமாவுக்கு அரைக்கும் கசகசா. அது ஒரு வாரம் ஊறினாலும் வழவழப்பு தராது.

அரை டீஸ்பூன் சப்ஜாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு 15 நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கண்ணாடி மாதிரி ஒரு உறை கட்டும். சர்க்கரைப் பாகிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நேரே போட்டால் சரியாகப் பொங்காது. தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் சர்பத்தில் சேர வேண்டும்.

ஒரு டம்ளருக்கு: அரை எலுமிச்சையின் சாறு, நன்னாரிப் பாகு 2 மேசைக்கரண்டி, ஊறிய சப்ஜா 2 மேசைக்கரண்டி, நடுவே கீறிய பச்சை மிளகாய் ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு, உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் ஐந்தாறு துண்டு, தண்ணீர் 150 மில்லி. இரண்டு டம்ளர்களை வாயோடு வாய் பொருத்தி 20 விநாடி குலுக்குங்கள். மிளகாயை நறுக்கிப் போட்டால் காரம் தொண்டையைப் பிடிக்கும்; கீறி மட்டும் போட்டால் வாசம் வந்து காரம் பின்னால் நிற்கும். எலுமிச்சையைத் தோலோடு அழுத்தி நசுக்குகிறவர்கள்தான் "கசக்கிறது" என்று குறைப்படுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கசகசா அபினிச் செடியின் விதை. அமீரகம், சவூதி, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குள் அதைக் கொண்டு போகவே தடை. "சர்பத்துக்குக் கஸ்கஸ் அனுப்பு" என்று வளைகுடாவிலிருந்து யாராவது கேட்டு, நீங்கள் பெயரைப் பார்த்து கசகசாவைப் பொட்டலம் கட்டினால், அது விமான நிலையத்தில் போதைப்பொருள் கணக்கில் போய்விடும். இன்னொன்று: திருவனந்தபுரத்துக் கடையில் யாராவது "போஞ்சி" கேட்டால் பயப்பட வேண்டாம். எலுமிச்சை ஜூஸ்தான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் "ரூட் பீர்" என்று ஒரு டின் கொண்டுவந்தான். சாராயம் இல்லை, நம் நன்னாரிதான் என்றான். வாயில் வைத்தால் மூட்டுவலித் தைலம் குடித்தது போல் இருக்கிறது. நன்னாரி இப்படியா இருக்கும்? அப்படியே வீட்டில் பாகு காய்ச்சும் முறையும் சொல்லுங்கள். – வாசகர், நகரி

மகன் சொன்னதில் பாதி சரி. அதில் சாராயம் இல்லை. ஆனால் நன்னாரியும் இல்லை.

அந்த நாட்டு ரூட் பீருக்கு ஆதி வாசம் கொடுத்தது சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை. அதிலுள்ள சாஃப்ரோல் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1960-ல் அமெரிக்க அரசு அதை உணவில் தடை செய்தது. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் வின்டர்கிரீன் வாசனையும் வெனிலாவும்தான். வின்டர்கிரீன் எண்ணெயின் சாரம் மெத்தில் சாலிசிலேட். நம் ஊர் வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசம் அதுவேதான். அமெரிக்கக் குழந்தை அந்த வாசத்தை முதலில் மிட்டாயில் சந்திக்கிறது; நம் குழந்தை பாட்டியின் முழங்காலில் சந்திக்கிறது. உங்கள் மூக்கில் கோளாறு எதுவும் இல்லை.

குழப்பம் எப்படி வந்தது? நன்னாரிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் "இந்திய சார்சபரில்லா". மேற்கே சார்சபரில்லா என்பது ஸ்மைலாக்ஸ் என்ற வேறு குடும்பத்துக் கொடி. அந்தப் பெயரிலும் அங்கே ஒரு பானம் உண்டு. பெயரை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

உங்கள் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று நடக்கிறது. சித்தூர், கடப்பா வட்டாரத்தில் நன்னாரி என்று விற்கும் வேரில் கணிசமான பங்கு மாகாளிக் கிழங்கு. தெலுங்கில் மாரேடு கட்டலு என்பார்கள். நாம் மோரில் ஊறுகாய் போடும் அதே கிழங்கு. இரண்டுக்கும் வாசம் தருவது ஒரே வேதிப்பொருள், அது வெனிலாவின் வாசப்பொருளுக்கு நெருங்கிய உறவு. அதனால் மூக்கை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். கண்ணால் பாருங்கள்: நன்னாரி கம்பி போல மெலிந்து, கரும்பழுப்பாக, குறுக்கே வெடிப்புகளோடு இருக்கும். மாகாளி விரல் பருமனில் சதைப்பற்றோடு இருக்கும். மாகாளியில் காய்ச்சினாலும் சர்பத் மோசமில்லை. நன்னாரி விலை கொடுத்து வாங்குவதுதான் மோசம்.

இனி பாகு. உலர்ந்த வேர் 50 கிராம். மண் போக இரண்டு தண்ணீரில் கழுவி, உரலில் தட்டுங்கள். தட்டினால் பட்டை தனியாகவும் நடுவிலுள்ள மரக்குச்சி தனியாகவும் பிரியும். வாசம் பட்டையில்தான், குச்சியை எறிந்துவிடலாம். 600 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு பட்டையைப் போட்டு மூடுங்கள். 10 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். துணியில் வடிகட்டி அளந்தால் 500 மில்லி இருக்க வேண்டும். குறைந்தால் ஆறிய கொதிநீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ சர்க்கரை. இளந்தீயில் கரைத்து, மேலே திரளும் அழுக்கை எடுத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். ஒரு எலுமிச்சையின் சாறு பிழிந்தால் பாட்டிலின் அடியில் சர்க்கரை கல்லாக உறையாது. சுமார் 1.1 லிட்டர் பாகு வரும். ஒரு டம்ளருக்கு 30 மில்லி பாகு, 170 மில்லி தண்ணீர், அரை எலுமிச்சை.

கெடுகிற இடங்கள் மூன்று. வேரைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிடுவது முதல் தப்பு: நிறம் கறுத்து அழகாக வரும், வாசம் ஆவியோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது, "இவ்வளவு சர்க்கரையா" என்று பாதியாகக் குறைப்பது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருப்பதால்தான் பூஞ்சை பிடிக்காமல் நிற்கிறது. குறைத்தால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும், வெளியே வைத்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். மூன்றாவது, ஈர பாட்டில்.

கடையில் வாங்குவதென்றால் பின்பக்க லேபிளில் நன்னாரி வேர்ச் சாறு என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் செயற்கைச் சுவையும் கேரமல் நிறமும் மட்டும் என்றால் அது நன்னாரியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கேள்வி: புனலூர்ப் பக்கம் பெட்டிக்கடைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் போடுகிறேன். பங்குனி, சித்திரையில் பிரச்சினை இல்லை. மிதுன மழை தொடங்கினால் பாட்டிலுக்குள் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. சரக்கு திரும்பி வருகிறது. – வாசகர், செங்கோட்டை

அண்ணாச்சி, மழையைக் குறை சொல்லும் முன் பாகைப் பாருங்கள். கெட்டி மிட்டாய் என்பது தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் வற்றிய சர்க்கரை. நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு ஈரம்தான் உள்ளே. அதனால் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுக்கும். மலைக்கு மேற்கே ஆனி, ஆடியில் காற்றே ஈரத்துணிதான். தென்காசிச் சாரலிலும் இதே கதை கொஞ்சம் உண்டு.

ஆனால் மூன்று நாளில் ஒட்டுகிறது என்றால் காய்ச்சலில் தவறு இருக்கிறது. ஒன்று, சூடு போதவில்லை: 148 முதல் 150 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து மடக்குங்கள். டக்கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. இன்னொன்று, புளிப்புக்கான சிட்ரிக் அமிலத்தைக் கொதிக்கும்போதே போடுவது. சூட்டில் அமிலம் சேர்ந்தால் சர்க்கரை உடைந்து, ஈரம் இழுக்கும் வேறு சர்க்கரையாகிவிடும். ஒரு கிலோ சர்க்கரைக்கு 300 மில்லி தண்ணீர், 300 கிராம் குளுக்கோஸ் பாகு போட்டுக் காய்ச்சுங்கள். இறக்கிக் கல்லில் ஊற்றிப் பிசையும்போது சிட்ரிக் 10 கிராம் சேருங்கள். வார்த்த மிட்டாய் ஆறியவுடன், அதே நாளில், காற்று புகாத பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். தகர மூடி பாட்டிலில் சில்லறையாக விற்கும் கடைக்கு மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள்.

வெல்ல மிட்டாய் இன்னும் மோசம். வெல்லத்தில் அந்த ஈரம் இழுக்கும் சர்க்கரை இயல்பிலேயே உண்டு. கமர்கட்டை மழைக்காலத்தில் மேற்கே அனுப்பாமல் இருப்பதே லாபம்.

பில்லில் பெயர் போடும்போது கவனம். ஆரஞ்சுச் சுளை வடிவ மிட்டாய் மலையாளத்தில் நாரங்ஙா மிட்டாயி. ஆந்திராவில் அதுவே நிம்ம தொனலு, அதாவது எலுமிச்சைச் சுளை. மிட்டாய் ஒன்றுதான், பழம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கேள்வி: துபாய், லண்டன், அமெரிக்கா என்று உறவினர்கள் கொண்டுவரும் ஒரே கம்பெனி ஆரஞ்சு பானம் நிறத்திலும் இனிப்பிலும் ஒன்றுபோல் இல்லையே? – வாசகி, குப்பம்

பெயர்தான் ஒன்று, சட்டமும் சரக்கும் வேறு. அமெரிக்காவில் 1980-களிலிருந்து பெரிய கம்பெனிகள் கரும்புச் சர்க்கரையை விட்டுச் சோளப்பாகுக்கு மாறின. அங்கே அது மலிவு. நம் நாட்டில் கரும்புச் சர்க்கரை. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்தது. 100 மில்லிக்கு 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி. வரிக்குப் பயந்து பலர் சர்க்கரையைக் குறைத்து மாற்று இனிப்பு சேர்த்தார்கள். நாக்கில் கடைசியாக நிற்கும் கசப்பு அதுதான்.

நிறம்: ஐரோப்பாவில் 2010 ஜூலையிலிருந்து, சில செயற்கை நிறங்கள் சேர்த்தால் "குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம்" என்று அச்சிட வேண்டும். யார் அதைத் தன் பாட்டிலில் போடுவார்? காரட் நிறத்துக்கு மாறிவிட்டார்கள், பானம் வெளிறிவிட்டது. நம் ஊர் ஆரஞ்சு பானத்தின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பழம் எதுவும் இல்லை என்றே பலவற்றில் எழுதியிருக்கும். ஒளிக்கவில்லை, நாம்தான் படிப்பதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை என்றார்களே, இங்கே பீச்சு மிட்டாய் என்று அதையே விற்கிறார்களே? – வாசகர், சத்தியவேடு

2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தடை வந்ததற்குக் காரணம் பஞ்சு இல்லை, ரோடமைன்-பி. அது துணிக்கும் காகிதத்துக்குமான சாயம். அதை உணவில் சேர்க்க எந்த மாநிலத்திலும் அனுமதி கிடையாது. தண்ணீரில் கரைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று வரும் யோசனைகளை நம்பாதீர்கள். அனுமதித்த நிறமும் தண்ணீரில் கரையும். பிரித்துச் சொல்ல ஆய்வகம் வேண்டும். குழந்தை அழுதால் நிறமே சேர்க்காத வெள்ளைப் பஞ்சு வாங்கிக் கொடுங்கள். சர்க்கரையைத் தவிர அதில் வேறில்லை.

கேள்வி: நெதர்லாந்திலிருந்து வந்த கறுப்பு மிட்டாய் உப்புக் கரிக்கிறது, மூக்கில் ஏறுகிறது. கெட்டுப்போனதா? – வாசகி, சித்தூர் (பாலக்காடு)

கெடவில்லை, அதன் குணமே அது. அதிமதுரச் சாறும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்தது. பின்னதை ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம் என்றால் உடனே புரியும். பின்லாந்திலும் நெதர்லாந்திலும் குழந்தைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்துங்கள். அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் அழுத்தத்தை ஏற்றும்.

கேள்வி: கோலி சோடா சில பாட்டிலில் சுர்ரென்று ஏறுகிறது, சிலதில் தண்ணீர் போல் இருக்கிறது. குடிக்கும்போது கோலி வந்து அடைக்கிறது. – வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் இது. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதில்தான் வருகிறது. கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம். வாயு அடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் கோலி வளையத்தில் விழும். உள்ளிருக்கும் அழுத்தமே அதை இறுக்கிப் பிடிக்கும். வளையம் காய்ந்து கெட்டியானாலோ அதில் ஒரு மணல் ஒட்டினாலோ வாயு கசியும். வாங்கும்போது கோலியைச் சுற்றிச் சிறு குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் வேறு பாட்டில் கேளுங்கள்.

வெயிலில் நின்ற பெட்டியிலிருந்து எடுத்ததென்றாலும் அப்படித்தான். திறந்து வைத்த ஒரு லிட்டர் தண்ணீர், உறையும் குளிரில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூட நிற்காது. சூடான பாட்டிலைத் திறந்த வேகத்திலேயே பாதி வெளியே போய்விடும். கட்டையால் கோலியைத் தள்ளியதும் கையை எடுக்காமல், சீறல் அடங்கும் வரை அழுத்திப் பிடியுங்கள்.

கோலி அடைப்பதற்கு, பாட்டிலின் கழுத்தில் இரண்டு குழிவு இருக்கும். அந்தக் குழிவு கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்தால் கோலி அங்கே உட்கார்ந்துகொள்ளும், சோடா தடையில்லாமல் வரும். விளிம்பு உடைந்த பாட்டிலை மட்டும் கையில் வாங்காதீர்கள்.