விலை விழுந்தது, வரி விழவில்லை: கலிஃபோர்னியா வீட்டுக்காரர்களின் கேள்விகள்

எங்கள் தெருவில் வீட்டு விலை நன்றாகவே இறங்கிவிட்டது. எங்கள் சொத்து வரி மட்டும் இந்த ஆண்டும் ஏறியிருக்கிறது. தவறாகப் போட்டுவிட்டார்களா?

பெரும்பாலும் தவறு இருக்காது. 1978 ஜூனில் வாக்கெடுப்பில் நிறைவேறிய ப்ராப் 13 (Proposition 13) என்ற சொத்து வரிச் சட்டத்தின்படி, நீங்கள் வாங்கிய விலைதான் அடிப்படை மதிப்பு. பணவீக்கத்தை ஒட்டி அது ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் ஏறும். அதே ஆண்டு நவம்பரில் வந்த ப்ராப் 8 இன்னொரு விதியைச் சேர்த்தது: ஜனவரி 1 அன்றைய சந்தை விலை, இப்படி ஏறி வந்த அடிப்படை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வரி.

1995-ல் 2 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, ஆண்டுதோறும் முழு 2 சதவீதம் ஏறியிருந்தாலும் 2025-ல் 3,62,272 டாலரில்தான் நிற்கும். சந்தை விலை 12 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு விழுந்தாலும் அந்த வீட்டுக்காரருக்கு வரி குறையாது. வழக்கமான ஏற்றமும் தொடரும். விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர்களுக்குத்தான் ப்ராப் 8 கைகொடுக்கும்.

இரண்டு ஆண்டுக்கு முன் 8 லட்சத்துக்கு வாங்கினோம். இன்று 7 லட்சம்தான் போகும். எவ்வளவு மிச்சமாகும்?

இரண்டு முறை 2 சதவீதம் ஏறி உங்கள் அடிப்படை மதிப்பு 8,32,320 ஆகியிருக்கும். 7 லட்சத்தை ஏற்றுக்கொண்டால் 1,32,320 டாலர் குறையும். அடிப்படை வரி 1 சதவீதம் என்பதால் அந்த ஆண்டுக்கு ஏறக்குறைய 1,323 டாலர் மிச்சம். வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திர வரிகளும் மதிப்பை வைத்தே கணக்கிடப்படுவதால் இன்னும் சிறிது கூடும். ஆனால் ரசீதில் தனித்தொகையாக வரும் கட்டணங்கள் மதிப்பைப் பார்ப்பதில்லை. அவை அப்படியே இருக்கும்.

குறைக்கச் சொல்லிக் கேட்பது எப்படி? வழக்கறிஞர் வேண்டுமா?

சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்குத் தேவையில்லை. முதலில் உங்கள் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மதிப்பீட்டு அலுவலகத்தில் மதிப்புக் குறைவு மறுஆய்வுக்கு விண்ணப்பியுங்கள். பல கவுன்ட்டிகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே ஒத்துவராவிட்டால் மேல்முறையீட்டுக் குழு. அதற்கான கெடு ஜூலை 2-ல் தொடங்கிச் செப்டம்பர் 15-ல் முடியும். ஆகஸ்ட் 1-க்குள் வீட்டுக்காரர்களுக்கு மதிப்பு அறிவிப்பு அனுப்பாத கவுன்ட்டிகளில் நவம்பர் 30 வரை. மறுஆய்வின் முடிவுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் பலருக்கும் நடப்பது. மறுஆய்வு விண்ணப்பம் மேல்முறையீடு ஆகாது. கெடு நெருங்கினால் இரண்டையும் போட்டுவையுங்கள்.

சான்றாக வேண்டியது உங்கள் வீட்டைப் போன்ற இரண்டு மூன்று வீடுகளின் விற்பனை விவரம்: அதே பகுதி, ஏறக்குறைய அதே பரப்பளவு, வயது, படுக்கையறைகள். விற்பனை ஜனவரி 1-ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். மார்ச் 31-க்குப் பிந்தைய விற்பனையைக் குழு கணக்கில் எடுக்காது. விலை கோடையில்தான் சரிந்தது என்றால் அந்தச் சரிவு அடுத்த ஆண்டு மதிப்பில்தான் தெரியும். வலைத்தளங்கள் தாமாகக் காட்டும் மதிப்பும், விற்காமல் கிடக்கும் வீட்டுக்குச் சொல்லும் விலையும் நிற்காது. ஒப்பிடும் வீட்டில் நீச்சல்குளமோ புதிய சமையலறையோ இருந்தால் அதற்கான வித்தியாசத்தை நீங்களே கழித்துக் காட்டுங்கள். அப்படிச் செய்த மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

நீங்களே குடியிருக்கும் தனிவீடு என்றால், கேட்ட தகவல்களைக் கொடுத்திருக்கும்பட்சத்தில், தன் மதிப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மதிப்பீட்டு அலுவலகத்துடையது. அதற்காக வெறுங்கையோடு போகாதீர்கள். சான்றைப் பார்த்துக் குழு மதிப்பை உயர்த்தவும் முடியும்.

போன ஆண்டு குறைத்தார்கள். இந்த ஆண்டு ஒரேயடியாக 7 சதவீதம் ஏற்றிவிட்டார்கள். 2 சதவீத வரம்பு என்ன ஆயிற்று?

ப்ராப் 8 தருவது தற்காலிகக் குறைப்புதான். குறைந்த மதிப்பை ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் திரும்பப் பார்ப்பார்கள். சந்தை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் ஏற்றலாம். 2 சதவீத வரம்பு அடிப்படை மதிப்புக்கு மட்டும். மேலே சொன்ன வீட்டில் 7 லட்சம் அடுத்த ஆண்டு 7.5 லட்சமானால் அது சட்டப்படி சரி. ஆனால் அந்த ஆண்டுக்கான அடிப்படை மதிப்பான 8,48,966-ஐ அது தாண்டக்கூடாது.

மேல்முறையீடு முடியும்வரை வரியை நிறுத்திவைக்கலாமா?

கூடாது. முதல் தவணையை டிசம்பர் 10-க்குள்ளும் இரண்டாவதை ஏப்ரல் 10-க்குள்ளும் கட்டாவிட்டால் 10 சதவீத அபராதம். வழக்கு உங்கள் பக்கம் முடிந்தால் கூடுதலாகக் கட்டியது திரும்ப வரும்.

சரிவில் மலிவாக ஒரு வீடு வாங்கினோம். ரசீது பழைய உரிமையாளரின் பெரிய மதிப்பில் வந்திருக்கிறது.

திறந்த சந்தையில் வாங்கியதென்றால் பொதுவாக நீங்கள் கொடுத்த விலையே உங்கள் புதிய அடிப்படை மதிப்பு. அது பதிவாகும்வரை பழைய மதிப்பிலேயே ஆண்டு ரசீது வரும். பிறகு வித்தியாசத்துக்குத் துணை மதிப்பீடு போடுவார்கள். உங்கள் விலை குறைவு என்பதால் பணம் திரும்பி வரும். அதுதான் வரப்போகிறதே என்று ஆண்டு ரசீதில் கழித்துக்கொண்டு கட்டினால் மீதிக்கு அபராதம் விழும். ரசீதை முழுதாகக் கட்டுங்கள். திருப்பித் தரும் தொகை தனிக் காசோலையாக வரும்.