அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மின் கட்டண ஆணையத்துக்குத் தேர்தலில் நிற்பது எப்படி?

நம்மூர் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போல நியமனப் பதவி அல்ல இது. மின் கட்டணத்தை முடிவு செய்யும் அரிசோனா கார்ப்பரேஷன் கமிஷனுக்கு 5 பேர், பதவிக்காலம் 4 ஆண்டு, வாக்களிப்பது மாநிலம் முழுவதும். 2024இல் 3 இடங்கள் காலியாயின. முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் ஜெயித்தார்கள். அதனால்தான் ஒரே கட்சிக்காரர்கள் அணியாகச் சேர்ந்து ஓட்டுக் கேட்கிறார்கள்.

முதலில் உங்கள் முதலீடுகளைப் பாருங்கள். ஆணையம் கட்டுப்படுத்தும் நிறுவனத்தில் வேலையோ பங்கோ பத்திரமோ இருக்கக்கூடாது. இதே விதியில் சிக்கிய ஒரு ஆணையர் 2015 இறுதியில் ராஜினாமாவை அறிவித்தார்.

அடுத்தது வேட்புமனுக் கையெழுத்து: வாக்குச்சீட்டில் பெயர் வர வாக்காளர்களிடம் வாங்க வேண்டியது. அங்கே வாக்காளர் எந்தக் கட்சி என்று பதிவு செய்துகொள்ளலாம். மாற்றுக் கட்சியில் பதிவானவர் போட்டால் செல்லாது. எதிராளி நீதிமன்றம் போய் ஒவ்வொன்றாக அடிப்பார். தேவைக்கு மேல் தாராளமாகவே வாங்கி வையுங்கள்.

பிரசாரப் பணத்துக்கு அரசு நிதி உண்டு: பதிவுபெற்ற வாக்காளர் 1,500 பேரிடம் தலா 5 டாலர் வாங்கிக் காட்டினால் அதற்குத் தகுதி. இதற்குக் கட்சி தடையில்லை. கையெழுத்து கேட்கும் அதே வாசலில் இதையும் கேட்டுவிடுங்கள். இரண்டையும் இணையத்திலும் தரலாம். ஆனால் இந்த நிதியை எடுத்தால் தனியார் நன்கொடைக்குக் கதவு மூடிவிடும், வெளிக்குழுக்கள் எதிராளிக்காகக் கொட்டும் பணத்துக்கோ வரம்பில்லை.