மாயத்துக்கும் ஒரு விலை வேண்டும்

கேள்வி: இளையோருக்காக ஒரு மாயாஜால நாவல் எழுதுகிறேன். டிராகன், பேசும் வாள், பனிமலைக் கோட்டை, ஐந்து ராஜ்யங்கள் எல்லாம் இருக்கின்றன. தோழிகள் 'நல்லா இருக்கு' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நாயகன் பெயர்கூட நினைவில்லை. இன்னும் என்ன சேர்க்கலாம்? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: எதையும் சேர்க்காதீர்கள். முதலில் அந்தப் பனிமலையை எடுங்கள். பார்க்காத இடத்தை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. கற்பனை இருப்பதே அதற்குத்தான். ஆனால் உங்கள் பனிமலையில் யாருக்கும் குளிரவில்லை, யாருக்கும் பசிக்கவில்லை, விறகுகூடத் தீரவில்லை. பிறகு தோழிகளுக்கு எது நினைவில் நிற்கும்?

உங்கள் ஊரில் பஸ் ஏறினால் தனுஷ்கோடி. ஒரே மணல்திட்டு, ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல், பின்னதை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்று தொடங்கினால் முறை மாறிவிடும். இரண்டு கடல்களும் முறைவைத்துக் கோபப்படும் ஓர் உலகம்! அங்கே எந்தக் கரையில் படகைக் கட்டுவது, எந்த மாதம் யாரிடம் கடன் வாங்குவது, எந்தக் கரைக்குப் பெண் கொடுப்பது என்று எல்லாமே அந்த ஒரு விதியிலிருந்து கிளைவிடும். ஐந்து ராஜ்யங்களுக்கு வரைபடம் போட்டாலும் இந்தச் செழுமை வராது.

அடுத்தது விலை. உங்கள் வாள் கேட்டதையெல்லாம் தருகிறது. பதிலுக்கு எதுவும் கேட்பதில்லை. உங்கள் பாம்பன் தீவிலேயே சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள், பாசி மறுபடி வளர வேண்டுமே என்று. மாயமும் அப்படி அளவோடுதான் கிடைக்கட்டும். பதின்மூன்றாவது நாள், தம்பிக்கு மருந்து வாங்கப் பணமில்லை. ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் கடலில் இறங்குகிறாள். அவள் செய்தது சரியா தப்பா என்று உங்கள் தோழிகள் சண்டை போடுவார்கள். அவள் பெயர் மறக்காது.

நாயகனைத் தீர்க்கதரிசனம் தேர்ந்தெடுப்பதையும் விட்டுவிடுங்கள். பதினாறு, பதினேழு வயதில் நம்மை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை முதல் தடவையாக நாமே எடுக்கிற வயது அது. இளையோர் நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், உலகத்துக்கு ஒரு பழைய காயம் இருக்கட்டும். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போன காலம் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியையும், அங்கே வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோனது. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் மீன் விற்கிறார்கள். அழிவை யாரும் அங்கே நின்று விளக்குவதில்லை. அதன் நடுவே பிழைப்பு நடக்கிறது. உங்கள் அத்தியாயமோ முதல் மூன்று பக்கமும் பழைய போர்களின் வரலாற்றையே சொல்கிறது. அதை வெட்டுங்கள்.

டிராகன் இருக்கட்டும், பரவாயில்லை. அது என்ன தின்கிறது, அந்தத் தீனி யார் வலையிலிருந்து போகிறது என்று மட்டும் எழுதி, அத்தியாயத்தைத் திரும்ப அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.