பன்றி விரட்டும் ஒலிபெருக்கி: சத்தம் எவ்வளவு?

கேள்வி: உடுமலைப் பக்கம் ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம். காட்டுப்பன்றிக்காக நாய்க் குரைப்பும் புலி உறுமலும் பதிந்த ஒலிபெருக்கி வாங்கினோம். முழுச் சத்தம் வைத்தும் நாலே நாளில் பன்றி பழகிவிட்டது. ஏன்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: முழுச் சத்தம் வைப்பதே பாதிக் கோளாறு. குமிழைக் கடைசிவரை திருகினால் சின்ன ஆம்ப்ளிஃபையர் திணறும்; உறுமல் வெறும் இரைச்சலாகிவிடும். மெதுவாக ஏற்றுங்கள். கரகரப்பு தொடங்கியதும் சற்றே இறக்கி நிறுத்துங்கள். பிறகு எதிர் வரப்பில் போய் நின்று கேளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வளர்ந்த சோளத்தட்டு இன்னும் கொஞ்சம் விழுங்கும். அங்கே மங்கலாகக் கேட்டால் குமிழைத் தொடாதீர்கள், இன்னொரு ஹாரன் (கூம்பு ஒலிபெருக்கி) வையுங்கள். ஹாரன் சோளத்தட்டுக்கு மேலே, பன்றி நுழையும் தடத்தைப் பார்த்து இருக்கட்டும். முன்னிரவில் தெளிவாகவும் விடியற்காலையில் கரகரப்பாகவும் கேட்டால் 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள்.

பழகியதற்குக் காரணம் வேறு: ஒரே குரல், ஒரே இடம், ஒரே இடைவெளி. மூன்றையும் மாற்றிக்கொண்டே இருங்கள். அப்படியும் நிரந்தரத் தீர்வு இல்லை. கதிர் பால் பிடிக்கும் நாட்களுக்கென்று வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்துச் சாளையையும் (தோட்டத்து வீட்டையும்) பாருங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு; குடியிருப்புப் பகுதியில் இரவு வரம்பு 45 டெசிபல்தான்.