நலச் சங்கத்தின் மனு யாருக்குப் போக வேண்டும்?

கேள்வி: சென்னையின் தென்புறநகரில் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம், உட்புறத் தெருக்களுக்குச் சிற்றுந்து, பிரதான சாலையில் நடைபாதை, பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை ஆகியவற்றைக் கேட்டு நெடுங்காலமாக மனு கொடுத்துவருகிறது. ஒப்புகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: தாங்கள் இணைத்திருந்த மனுவின் நகலைப் படித்தேன். சிற்றுந்தில் தொடங்கித் தெருநாய் வரை எல்லாக் கோரிக்கைகளும் ஒரே தாளில் எழுதப்பட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய மனு ஒவ்வொரு மேசையிலும் "தொடர்புடைய துறைக்கு அனுப்பப்படுகிறது" என்ற குறிப்பைப் பெற்றுக்கொண்டு நகருமே ஒழிய, பதில் சொல்லும் பொறுப்பு எந்த மேசைக்கும் வந்து சேராது.

முதலில் கோரிக்கைகளைப் பிரியுங்கள். அரசுச் சிற்றுந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. உட்புறத் தெருவின் நடைபாதை மாநகராட்சியைச் சேர்ந்தது. பிரதான சாலையோ பல இடங்களில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் வசம் இருக்கிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடப் பணி நடக்கும் சாலையாக இருந்தால், தடுப்புவேலிக்கு வெளியே மக்கள் நடக்க எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பதை மெட்ரோ ரயில் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு, ஒரு துறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிற்றுந்துக் கோரிக்கையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பெரிய பேருந்து நுழைய முடியாத தெருக்களைப் பிரதான சாலையோடும் ரயில் நிலையத்தோடும் இணைப்பதற்காகத்தான் 2013 அக்டோபரில் சென்னையில் சிற்றுந்துகள் விடப்பட்டன. ஆகவே "எங்களுக்குச் சிற்றுந்து வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தெருவில் தொடங்கி எந்த நிலையத்தில் முடிய வேண்டும், வழியில் எங்கெங்கு நிற்க வேண்டும், வண்டி திரும்புவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று ஒரு கையால் வரைந்த வரைபடத்தோடு எழுதுங்கள். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை தெருமுனையில் இருவரை நிறுத்தி, பிரதான சாலைக்கு நடந்து செல்பவர்கள் எத்தனை பேர், பங்கு ஆட்டோவில் ஏறுபவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். வழித்தடத்தை முடிவு செய்யும் அதிகாரிக்கு, நூறு கையொப்பங்களைவிட அந்த ஒரு தாள் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. இந்தச் சட்டம் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குவதால், சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்காமல் உறுப்பினர் ஒருவரின் பெயரில் விண்ணப்பியுங்கள். மாநில அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் பேருந்து விடவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது, எங்கள் மனுவின்மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகலைத் தருக என்று கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையையும் விட்டுவிடாதீர்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நிழற்குடை, தெருவிளக்கு போன்ற வார்டு அளவிலான கோரிக்கைகளை மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் எழுப்புவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நடைபாதை கேட்கும்போது, குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதையும், நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டதையும் எடுத்துக்காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் மட்டுமே உறுப்பினர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் சேர்க்கலாமா?
– அதே சங்கத்தின் பொருளாளர்

பதில்: கட்டாயம் சேருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவு செய்த சங்கத்தில் யார் உறுப்பினராகலாம் என்பதைத் துணைவிதிகள் தீர்மானிக்கின்றன. சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடிப் பேருந்து கேட்கும் சங்கத்தில், பேருந்தில் ஏறுபவரின் குரல் எங்கிருந்து வரும்? சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். உங்கள் தெருக்களில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு, பேருந்தே வராத இடத்தில் அந்தச் சலுகையால் பயனில்லை. அவர்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தாலும், எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்பதை முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு, வழித்தட மனுவின் நேர அட்டவணையை எழுதுங்கள்.