கட்டில் கசங்கும், ஞாயிறு கசங்காது

ஐயா, வணக்கம்.

பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை) பயிற்சியில் என் மாணவி ஒருத்தி 'த பெட் வாஸ் ஸ்லெப்ட் இன்' என்று எழுதினாள். ஸ்லீப் செயப்படுபொருள் ஏற்காத இன்ட்ரான்ஸிட்டிவ் வினை, அதற்கு ஏது பாசிவ் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டேன். வாக்கியம் 'இன்' என்ற பிரிபொசிஷனில் முடிவதும் உறுத்தியது. வெள்ளைக்காரர்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று அவள் விடாமல் கேட்கிறாள். யார் சொல்வது சரி?

– ஆங்கில ஆசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி எழுதியதுதான் சரி. குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிரிபொசிஷனில் முடிப்பது 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் கண்ட குறை. அதற்கு முன்னும் பின்னும் மக்கள் அப்படித்தான் பேசினார்கள். 'ஹி வாஸ் லாஃப்ட் அட்' என்று நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். நம் காதுக்கு இது உறுத்தக் காரணம் உண்டு. கட்டிலை எழுவாயாக்கிவிட்டு 'இல்' உருபை மட்டும் பின்னால் தொங்கவிடத் தமிழில் வழியே இல்லை. 'நான் படுத்த கட்டில்' என்னும்போது அந்த 'இல்' தடமில்லாமல் மறைந்துவிடுகிறது.

ஆனால் எதை வேண்டுமானாலும் இப்படித் திருப்பிவிட முடியாது. 'சண்டே வாஸ் ஸ்லெப்ட் ஆன்' என்று யாரும் சொல்வதில்லை. படுத்து எழுந்தால் கட்டில் கசங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் ஆவதில்லை. எழுவாய்க்கு ஏதாவது நேர்ந்திருக்க வேண்டும் என்று காட்டியவர் டுவைட் போலிஞ்சர் என்ற அமெரிக்க மொழியியலாளர்.

எனக்கு இதில் மிகப் பிடித்த உதாரணம் லண்டன் டவர் பாலம். 1968 ஏப்ரல் 5 அன்று ஆலன் போலக் என்ற விமானப்படை அதிகாரி, சாலைக்கு மேலே, மேல்நடைபாதைக்குக் கீழே, ஹாக்கர் ஹண்டர் ஜெட்டை நுழைத்து ஓட்டிப்போனார். 'டவர் பிரிட்ஜ் வாஸ் ஃப்ளோன் த்ரூ பை எ ஜெட்' என்றால் காது ஏற்கிறது. ஜெட்டை எடுத்துவிட்டுப் புறாவை வையுங்கள், இடறுகிறது. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான். ஜெட் நுழைந்ததால் பாலத்துக்கு ஒரு கதை கிடைத்தது. புறா தினமும் பறக்கிறது. இப்படிப்பட்ட வாக்கியத்தைத் தப்பென்று சுழிக்காதீர்கள், ஓரத்தில் 'பொருந்தவில்லை' என்று எழுதுங்கள்.

'த பெட் வாஸ் ஸ்லெப்ட் சௌண்ட்லி இன்' வேறு சங்கதி. இந்த பாசிவில் வினையும் பிரிபொசிஷனும் ஒட்டியே நிற்க வேண்டும். நடுவே சௌண்ட்லி (ஆழ்ந்து) புகுந்ததும் அமைப்பே உடைகிறது. சிவப்பு மை இதற்குத்தான்.

நாளை இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். எது ஏன் இடறுகிறது என்று அந்தப் பெண்ணையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.